எட்டுப் பெண்கள், ஒரு அறை, எண்களுக்கு இடமில்லை: உணவுக் கோளாறுக்கான குழு சிகிச்சையைத் திட்டமிடுவது எப்படி?

கல்யாண வீட்டில் பார்க்கும் அத்தை, "என்னடி, இப்படிக் குண்டாயிட்ட?" என்று கேட்பார். அதே பெண் ஆறு மாதம் கழித்து இளைத்து வந்து நின்றால், "என்ன எலும்பும் தோலுமா நிக்கிற? உங்கம்மா சோறு போடலையா?" என்று சித்தி கேட்பார். இருவருமே அக்கறையில்தான் கேட்கிறார்கள். வயதுக்கு வந்த சமயத்தில் உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் கொடுத்து "உடம்பு தேறணும்" என்று சொன்ன வீட்டிலேயே, இரண்டு வருடத்தில் "சாதத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கோ" என்ற பேச்சும் வந்துவிடுகிறது.

பெரும்பாலான பெண்கள் இதைக் கேட்டு முகம் சுளித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். சிலரால் முடிவதில்லை. டிபன் பாக்ஸ் சத்தமில்லாமல் தோழியின் கைக்கோ குப்பைத் தொட்டிக்கோ போகிறது. "ஸ்கூல்லயே சாப்பிட்டேன்மா" என்ற பதில் வழக்கமாகிறது. இரவில் யாரும் பார்க்காதபோது அளவில்லாமல் சாப்பிட்டுவிட்டு, பிறகு குற்ற உணர்ச்சியில் தவிப்பவர்களும் உண்டு.

இத்தகைய பெண்களை ஒன்றாக உட்கார வைத்துப் பேசினால் என்ன என்ற யோசனை பள்ளி கவுன்சிலர்களுக்கும், மனநல மருத்துவமனைகளுக்கும், தன்னார்வ அமைப்புகளுக்கும் அவ்வப்போது வருகிறது. நல்ல யோசனைதான். ஆனால் திட்டமிடாமல் தொடங்கினால், உதவ வேண்டிய குழுவே பிரச்சினையைப் பெரிதாக்கிவிடும். அதற்கு ஆய்வுச் சான்றே இருக்கிறது.

எது கோளாறு, எது கவலை?

கண்ணாடியைப் பார்த்து "எனக்கு என் உடம்பு பிடிக்கல" என்று நினைப்பது நோய் ஆகாது. ஆனால் அந்த எண்ணம் நாள் முழுவதும் துரத்தி, சாப்பாட்டையும் படிப்பையும் நட்பையும் ஆட்டிப்படைக்கத் தொடங்கினால் கவனிக்க வேண்டும்.

மருத்துவர்கள் முக்கியமாக மூன்று கோளாறுகளைப் பிரித்துப் பார்க்கிறார்கள். உடலுக்குத் தேவையான அளவு சாப்பிடாமல் ஆபத்தான அளவுக்கு எடை குறைவது அனோரெக்ஸியா. கட்டுப்பாடில்லாமல் சாப்பிட்டுவிட்டு, அதை ஈடுகட்ட வாந்தி எடுப்பது, பட்டினி கிடப்பது, அளவுக்கு மீறி உடற்பயிற்சி செய்வது புலிமியா. ஈடுகட்டும் முயற்சி இல்லாமல், கட்டுப்பாடற்ற சாப்பாடு மட்டும் திரும்பத் திரும்ப நடப்பது பிஞ்ச் ஈட்டிங். இந்த மூன்றாவது வகைக்கு அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் தனி இடம் கிடைத்தது 2013-ல்தான்.

"ஒல்லியா இருக்கிறவங்களுக்குத்தானே இதெல்லாம் வரும்?" என்று கேட்பவர்கள் உண்டு. புலிமியா உள்ள பலர் பார்ப்பதற்கு இயல்பான எடையில்தான் இருப்பார்கள். அதனாலேயே வீட்டுக்குத் தெரியாமல் வருடக்கணக்கில் ஓடும்.

ஆசியாவில் இன்னொரு சிக்கல். ஹாங்காங்கில் மனநல மருத்துவர் சிங் லீ 70 அனோரெக்ஸியா நோயாளிகளை ஆராய்ந்து 1993-ல் வெளியிட்ட ஆய்வில், பாதிக்கும் மேற்பட்டவர்களிடம் "குண்டாகிவிடுவேன்" என்ற பயமே இல்லை. வயிறு உப்புசம், பசியின்மை போன்றவற்றையே காரணமாகச் சொன்னார்கள். நம் வீடுகளிலும் "பசிக்கல", "அசிடிட்டி", "இன்னைக்கு விரதம்" என்ற சொற்களுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்பது கடினம். "நீ டயட்ல இருக்கியா?" என்ற ஒற்றைக் கேள்வியை நம்பி ஒரு பெண்ணைக் குழுவில் சேர்ப்பதோ விடுவதோ சரியாக இருக்காது.

திரைக்கு எவ்வளவு பங்கு?

பிஜி தீவின் நாட்ரோகா பகுதிக்கு 1995-ல் தொலைக்காட்சி வந்தது. ஹார்வர்டைச் சேர்ந்த ஆன் பெக்கர் குழுவினர் அப்போதும் 1998-லும் அங்குள்ள பள்ளி மாணவிகளை ஆராய்ந்தார்கள். எடையைக் கட்டுப்படுத்த வாந்தி எடுப்பதாகச் சொன்ன மாணவிகள் முதலில் ஒருவர்கூட இல்லை. மூன்று ஆண்டுகளில் அது 11.3 சதவீதம் ஆனது. உருண்டு திரண்ட உடலையே அழகு என்று கொண்டாடிவந்த ஊர் அது.

2021-ல் ஃபேஸ்புக்கின் முன்னாள் ஊழியர் பிரான்சிஸ் ஹாகன் வெளிக்கொண்டுவந்த உள் ஆவணங்களில், பதின்வயதுப் பெண்களில் மூன்றில் ஒருவருக்கு உடல் தோற்றம் பற்றிய பிரச்சினையை இன்ஸ்டாகிராம் மோசமாக்குகிறது என்ற குறிப்பு இருந்தது. திரை மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. மரபணு, குடும்பச் சூழல், கேலி, மனச்சோர்வு, டயட் என எல்லாம் சேர்ந்துதான் கோளாறு உருவாகிறது. அதனால் "போனைப் புடுங்கி வெச்சா சரியாயிடும்" என்ற தீர்வு போதாது.

குழு எதற்கு? தனியாகப் பேசினால் ஆகாதா?

உணவுக் கோளாறின் பெரிய பலம் ரகசியம். "இப்படி ஒரு அசிங்கமான பழக்கம் எனக்கு மட்டும்தான்" என்று ஒவ்வொரு பெண்ணும் நினைக்கிறாள். குழு சிகிச்சை பற்றி 1970-ல் முக்கியமான நூலை எழுதிய அமெரிக்க மனநல மருத்துவர் இர்வின் யாலோம், குழு குணப்படுத்தும் விதங்களைப் பட்டியலிட்டார். "இந்தக் கஷ்டம் எனக்கு மட்டும் இல்லை" என்ற உணர்வு அதில் முக்கியமான ஒன்று. டாக்டர் நூறு முறை சொன்னாலும் வராத அந்த நிம்மதி, எதிரே உட்கார்ந்திருக்கும் பத்தாம் வகுப்புப் பெண் "எனக்கும் அப்படித்தான்பா" என்று சொல்லும்போது வந்துவிடும்.

நடைமுறைக் காரணமும் உண்டு. உணவுக் கோளாறில் பயிற்சி பெற்ற நிபுணர்கள் குறைவு. ஒரே நேரத்தில் எட்டுப் பேருக்கு உதவ முடிந்தால் அது பெரிய விஷயம்.

அப்படியானால் ஆபத்து எங்கே?

1997-ல் வெளியான ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு இன்றும் எச்சரிக்கையாகச் சுட்டிக்காட்டப்படுகிறது. உணவுக் கோளாறிலிருந்து மீண்ட மாணவிகளைப் பேச வைத்து, முதலாண்டு மாணவிகளிடம் விழிப்புணர்வு ஏற்படுத்துவதுதான் திட்டம். முடிவு தலைகீழாக வந்தது. நிகழ்ச்சியில் கலந்துகொண்டவர்களிடம், கலந்துகொள்ளாதவர்களைவிட அறிகுறிகள் சற்று அதிகமாக இருந்தன. கோளாறின் மீதான கூச்சத்தைக் குறைக்கப் போய், அதைச் சாதாரண விஷயமாகக் காட்டிவிட்டோமோ என்று ஆய்வாளர்களே சந்தேகப்பட்டார்கள்.

குழு சிகிச்சையில் இந்த ஆபத்து இன்னும் நெருக்கமானது. ஒருத்தி தன் எடையைச் சொன்னால் அடுத்தவள் ஒப்பிட்டுப் பார்ப்பாள். ஒருத்தி தான் செய்ததை விவரித்தால் இன்னொருத்திக்கு அது புது யோசனையாகிவிடும். "நான் அவ அளவுக்கு மோசமில்ல, எனக்கு ட்ரீட்மென்ட் வேணாம்" என்று மூன்றாமவள் முடிவெடுப்பாள். யாரைச் சேர்ப்பது, எதைப் பேச அனுமதிப்பது என்ற இரண்டு முடிவுகளும் முதல் அமர்வுக்கு முன்பே எடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

யாரைச் சேர்க்கலாம், யாரைச் சேர்க்கக் கூடாது?

முதலில் தடுப்புக் குழுவா, சிகிச்சைக் குழுவா என்று தெளிவாக வேண்டும். தோற்றம் பற்றிய கவலை, ஆரம்பநிலை டயட் பழக்கம் உள்ள பெண்களுக்குப் பள்ளியிலேயே, பயிற்சி பெற்ற கவுன்சிலரால் தடுப்புக் குழு நடத்த முடியும். கோளாறு உறுதியான பெண்களுக்கான குழு, மனநல மருத்துவர் மேற்பார்வையில் மருத்துவமனையோடு இணைந்துதான் நடக்க வேண்டும். இரண்டு வகைப் பெண்களையும் ஒரே அறையில் கலந்துவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

ஒவ்வொரு பெண்ணையும் முன்கூட்டியே தனியாகச் சந்தித்து அரை மணி நேரமாவது பேச வேண்டும். பிரிட்டனில் 1999-ல் உருவான 'ஸ்காஃப்' என்ற ஐந்து கேள்விச் சோதனை இங்கு உதவும். வயிறு நிறைந்துவிட்டது என்று வேண்டுமென்றே வாந்தி எடுப்பது, சாப்பாட்டில் கட்டுப்பாடு போய்விட்டது என்ற கவலை, குறுகிய காலத்தில் பெரிய எடைக் குறைவு, மற்றவர்கள் ஒல்லி என்றாலும் தன்னைக் குண்டு என்று நம்புவது, சாப்பாட்டு எண்ணமே வாழ்க்கையை ஆள்வது ஆகிய ஐந்தைப் பற்றிய கேள்விகள் அவை. இரண்டுக்கோ அதற்கு மேலோ 'ஆமாம்' என்றால் முழுப் பரிசோதனை தேவை. இது வடிகட்டி மட்டுமே, நோயை உறுதி செய்யாது.

கீழ்க்கண்டவை இருந்தால் குழுவுக்கு முன் மருத்துவமனை:

- மயக்கம், தலைசுற்றல், மிகக் குறைந்த நாடித்துடிப்பு, கை கால் சில்லிட்டுப் போவது
- மாதவிடாய் நின்றுபோவது
- வேகமாக எடை குறைவது
- அடிக்கடி வாந்தி எடுப்பது. உடலில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே தடுமாறலாம்
- தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது, தற்கொலை எண்ணம்

மனநலப் பாதிப்புகளிலேயே உயிரிழப்பு அதிகமுள்ளவற்றில் அனோரெக்ஸியாவும் ஒன்று. பதின்வயதினருக்கு அனோரெக்ஸியா வந்தால் முதல் தேர்வு குடும்ப சிகிச்சை என்கிறது பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2017-ல் வெளியிட்ட வழிகாட்டி. பெற்றோரே சாப்பாட்டுப் பொறுப்பைத் தற்காலிகமாகக் கையில் எடுத்து மகளை மீட்கும் முறை அது, சுமார் ஒரு வருடத்தில் 18 முதல் 20 அமர்வுகள். பிஞ்ச் ஈட்டிங் கோளாறுக்கோ, வழிகாட்டப்பட்ட சுயஉதவி முறை பலன் தராவிட்டால், வாரம் 90 நிமிடம் வீதம் 16 வாரக் குழு சிகிச்சையை அதே வழிகாட்டி பரிந்துரைக்கிறது. குழு யாருக்குப் பொருந்தும் என்பது கோளாறைப் பொறுத்தது.

அறைக்குள் போகும் முன்: அடிப்படை ஏற்பாடுகள்

எண்ணிக்கை ஆறு முதல் எட்டு வரை இருந்தால் நல்லது. நாலு பேர் என்றால், இரண்டு பேர் லீவு போட்டால் குழுவே இல்லை. பன்னிரண்டு பேர் என்றால் வகுப்பறை ஆகிவிடும். வயது வித்தியாசம் அதிகம் வேண்டாம். 13 வயதுப் பெண்ணின் உலகம் வேறு, 18 வயதுப் பெண்ணின் உலகம் வேறு. பாதியில் புதியவர்களைச் சேர்க்காத மூடிய குழுவாக வைத்தால் நம்பிக்கை வளரும்.

நடத்துபவர்கள் இரண்டு பேர் வேண்டும். ஒருத்தி அழுதுகொண்டே வெளியே போனால், ஒருவர் பின்னால் போக, மற்றவர் குழுவைப் பார்த்துக்கொள்ளலாம். நடத்துபவரே "நான் இன்னைக்கு கார்ப்ஸ் சாப்பிடல" என்று சொல்லும் ரகமாக இருந்தால் எல்லாம் வீண். உடம்பு, உணவு பற்றிய தன் சொந்தப் பேச்சை அவர் முதலில் கவனிக்க வேண்டும்.

பள்ளி அறிவிப்புப் பலகையில் 'உணவுக் கோளாறு குழு' என்று எழுதி ஒட்டினால் யாரும் வரமாட்டார்கள். வருபவர்களுக்குப் பட்டப்பெயர் கிடைக்கும். பொதுவான ஒரு பெயர் போதும். பொதுத்தேர்வு மாதத்தையும் டியூஷன் நேரத்தையும் தவிர்த்தால்தான் வருகை நிலைக்கும். பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் அவசியம். கூடவே "உனக்குச் சம்மதமா?" என்று அந்தப் பெண்ணிடமும் கேட்க வேண்டும்.

முதல் நாளே பேசி முடிக்க வேண்டிய விதிகள்

- எடை, கலோரி, உடை சைஸ், இடுப்பளவு என எந்த எண்ணும் வேண்டாம்
- 'எப்படிச் செய்தேன்' என்ற விவரம் வேண்டாம். 'எப்படி உணர்ந்தேன்' என்று பேசலாம்
- குழுவில் உள்ளவர், இல்லாதவர், நடிகை என யாருடைய உடல் பற்றியும் கமென்ட் வேண்டாம். "நீ இளைச்சிட்டப்பா, சூப்பர்" என்ற பாராட்டும் இதில் அடக்கம்
- போட்டோ, ரெக்கார்டிங், ஸ்கிரீன்ஷாட் வேண்டாம்
- இங்கே கேட்டது இங்கேயே இருக்கட்டும்

கடைசி விதிக்கு எல்லை உண்டு என்பதையும் அன்றே சொல்லிவிட வேண்டும். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் பெற்றோருக்கும் மருத்துவருக்கும் சொல்லியாக வேண்டும். பாலியல் துன்புறுத்தல் தெரியவந்தால், 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டப்படி புகார் அளிப்பது கட்டாயம். பெண்கள் தாங்களாகவே தனி வாட்ஸ்அப் குழு தொடங்குவதை முழுமையாகத் தடுக்க முடியாது. ஆனால் இரவு 11 மணிக்கு "நான் இன்னைக்கும் சாப்பிடல" என்ற மெசேஜ் வந்தால் என்ன செய்வது, எந்தப் பெரியவரிடம் சொல்வது என்பதை முன்பே பேசி வைக்கலாம்.

என்ன பேசுவது? ஆய்வில் தேறிய ஒரு வழி

தடுப்புக் குழுக்களில் அதிகம் ஆராயப்பட்டது, அமெரிக்க உளவியலாளர் எரிக் ஸ்டைஸ் உருவாக்கிய 'பாடி புராஜெக்ட்'. 481 பதின்வயதுப் பெண்களை வைத்து நடந்த சோதனையின் முடிவு 2008-ல் வெளியானது. ஒரு மணி நேர அமர்வுகள் சில மட்டுமே. எந்தப் பயிற்சியும் பெறாதவர்களோடு ஒப்பிடும்போது, மூன்று ஆண்டுகளில் உணவுக் கோளாறு உருவாகும் அபாயம் 60 சதவீதம் குறைந்திருந்தது.

இதன் அடிப்படை, லியோன் ஃபெஸ்டிங்கர் 1957-ல் முன்வைத்த கருத்து. ஒருவர் நம்புவதற்கு எதிராக அவரே வாய்விட்டுப் பேசினால் மனதுக்குள் ஒரு முரண்பாடு உருவாகிறது. அதைத் தீர்த்துக்கொள்ள மனம் தன் நம்பிக்கையை மெல்ல மாற்றிக்கொள்கிறது. "ஒல்லியா இருந்தாதான் அழகுன்னு நினைக்காதீங்க" என்று மேடம் லெக்சர் கொடுத்தால் அது காற்றோடு போய்விடும். அதே வாதத்தை அந்தப் பெண்ணே, தன் வார்த்தையில், எட்டுப் பேர் முன்னால் சொன்னால் அது தங்கும். அமர்வில் நடத்துபவரைவிடப் பெண்கள் அதிகம் பேசுகிறார்களா என்பதை இங்கே முதலில் கவனிக்க வேண்டும்.

இந்த முறையையும், ஒழுங்காகச் சாப்பிடப் பழக்கும் சிகிச்சை முறைகளையும் சேர்த்து, உடல்நிலை சீராக உள்ள பெண்களுக்கான எட்டு வார மாதிரித் திட்டம் இப்படி இருக்கலாம்:

வாரம் 1: விதிகள். பிறகு "அழகான பொண்ணுன்னா யாரு?" என்று பலகையில் பட்டியல். வெள்ளை, ஒல்லி, நீள முடி, பரு இல்லாத முகம் என்று நீளும். ஒரே ஆள் இதெல்லாமாக இருக்க முடியுமா? இதை யார் முடிவு செய்தார்கள்? இதனால் யாருக்குக் காசு? 'ஃபேர் அண்ட் லவ்லி' கிரீம் 2020-ல் 'குளோ அண்ட் லவ்லி' என்று ஏன் பெயர் மாறியது? விவாதம் தானாகப் போகும்.

வாரம் 2: அந்தப் பட்டியலைத் துரத்துவதன் விலை. பணம், நேரம், தூக்கம், நட்பு, படிப்பு என ஒவ்வொன்றிலும் போனது என்ன என்று பெண்களே கணக்கிடுவது.

வாரம் 3: பசியின் அறிவியல். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆன்சல் கீஸ், ஆரோக்கியமான 36 ஆண்களை ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டு ஆராய்ந்தார். அவர்கள் எப்போதும் சாப்பாட்டைப் பற்றியே யோசித்தார்கள், சமையல் புத்தகங்களைச் சேர்த்தார்கள், எரிந்து விழுந்தார்கள். சோதனை முடிந்த பிறகு சிலரால் சாப்பிடுவதை நிறுத்த முடியவில்லை. "எனக்கு வில் பவர் இல்லை" என்று தன்னைத் திட்டிக்கொள்ளும் பெண்ணுக்கு இது பெரிய விடுதலை. பட்டினிக்குப் பின் வரும் பெரும்பசி உடலின் இயல்பு. மூன்று வேளை உணவு, இடையில் இரண்டு மூன்று சிற்றுண்டி, நீண்ட இடைவெளி வேண்டாம் என்ற ஒழுங்கை இங்கே தொடங்கலாம்.

வாரம் 4: கடிதம். இதே பாதையில் போகத் தொடங்கும் ஒரு தங்கைக்கு என்ன எழுதுவாய்? எழுதியதைக் குழுவில் வாசிப்பது.

வாரம் 5: போன். ஃபில்டர், எடிட், கோணம் எல்லாம் எப்படி வேலை செய்கின்றன? எந்தப் பக்கத்தைப் பார்த்தால் மனசு கனக்கிறது? எதை அன்ஃபாலோ செய்யலாம்?

வாரம் 6: நடித்துப் பார்ப்பது. ஒருத்தி கல்யாண வீட்டு அத்தை, இன்னொருத்தி பதில் சொல்பவள். "அத்தை, உடம்பை விடுங்க, நான் என்ன படிக்கிறேன்னு கேளுங்களேன்" என்பது போல, மரியாதை குறையாமல் பேச்சை மாற்றும் வாக்கியங்களைப் பழகுவது. முதலில் சிரிப்பாக இருக்கும், பிறகு குரல் தெளிவாகும்.

வாரம் 7: பெற்றோருக்கான தனி அமர்வு.

வாரம் 8: மீண்டும் சறுக்கினால் என்ன செய்வது? யாரிடம் முதலில் சொல்வது? ஒவ்வொருவரும் எழுதி எடுத்துப் போகும் சொந்தத் திட்டம்.

அம்மாக்களிடம் என்ன சொல்வது?

பெற்றோர் அமர்வு குற்றவிசாரணை ஆகிவிடக் கூடாது. வரும் அம்மாவுக்கு ஏற்கெனவே "என் வளர்ப்பு சரியில்லையோ" என்ற பாரம் இருக்கும். இந்தக் கோளாறு பெற்றோரால் உருவாக்கப்படுவதில்லை, ஆனால் குணமாவதில் அவர்கள் பங்கு மிகப் பெரியது என்று சொல்லித் தொடங்கலாம்.

நடைமுறையில் சில மாற்றங்கள் போதும். வீட்டு எடை மெஷினை எடுத்து உள்ளே வைப்பது. முடிந்தவரை ஒரு வேளையாவது சேர்ந்து சாப்பிடுவது. தட்டைப் பார்த்துக் கணக்குச் சொல்லாமல் வேறு பேச்சு பேசுவது. அப்பாவும் அண்ணனும் செய்யும் 'குண்டு' கேலியை நிறுத்துவது. அம்மாவும் தன் உடம்பைத் தானே திட்டிக்கொள்வதை மகள் முன் நிறுத்துவது. "இன்னும் ஒரு வாய், அம்மாவுக்காக" என்ற கெஞ்சலும், "சாப்பிடலன்னா போன் கிடையாது" என்ற மிரட்டலும் சண்டையில்தான் முடியும். "உனக்குக் கஷ்டமா இருக்குன்னு தெரியுது, நான் பக்கத்துல உட்கார்றேன்" என்பது வேலை செய்ய வாய்ப்பு அதிகம்.

வெற்றியை எப்படி அளப்பது?

எடையை வைத்து அளந்தால் குழு சொல்லிக்கொடுத்த எல்லாவற்றையும் அதுவே அழித்துவிடும். உடல்நிலையை மருத்துவர் தனியாகக் கவனிக்கட்டும். குழுவைப் பொறுத்தவரை, தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே கேள்வித்தாளைக் கொடுத்து, உணவு பற்றிய பயமும் தோற்றக் கவலையும் குறைந்திருக்கிறதா என்று பார்க்கலாம். மூன்று மாதம், ஆறு மாதம் கழித்து மீண்டும் பார்ப்பதும் திட்டத்திலேயே இருக்க வேண்டும். ஒரு பெண்ணின் நிலை நடுவில் மோசமானால், அவளைத் தனிச் சிகிச்சைக்கு மாற்றும் வழியும், அதை மற்ற ஏழு பேரிடம் எப்படிச் சொல்வது என்பதும் முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். அனுப்புவதற்கு ஒரு மருத்துவரின் பெயரும் எண்ணும் கையில் இல்லாமல் எந்தப் பள்ளியும் குழுவைத் தொடங்கக் கூடாது.

உதவி எங்கே கிடைக்கும்?

மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலிமானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாக அழைத்து, தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் 104 மருத்துவ உதவி எண்ணிலும், குழந்தைகளுக்கான 1098-லும் உதவி கேட்கலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, ரத்த வாந்தி இருந்தால் ஆலோசனைக்குக் காத்திருக்காமல் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

உங்கள் வீட்டிலோ, அடுத்த வீட்டிலோ, ஆபீஸ் தோழியின் தங்கையிடமோ இந்த அறிகுறிகள் தெரிந்தால், உடம்பைப் பற்றி எதுவும் சொல்லாமல் "கொஞ்ச நாளா நீ நீயா இல்லையே, பேசலாமா?" என்று தொடங்கலாம். முதல் முறை "ஒண்ணும் இல்ல" என்றுதான் பதில் வரும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை கேளுங்கள்.